பெல்ஜியத்தில் பீர் எழுத்தாளர் சந்திப்பு: மூன்று நாளும் நாக்கும் மூக்கும் வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பிரஸ்ஸல்ஸில் நடக்கும் பீர் எழுத்தாளர் சந்திப்பு ஒன்றுக்கு உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்றால் பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அமர்வில் பத்து பீர், ஒவ்வொன்றும் 100 மில்லி, சராசரியாக 8 சதவீத ஆல்கஹால் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 லிட்டர், அதில் 80 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 63 கிராம். 5 சதவீத லாகர் 250 மில்லி கிளாஸ் ஒன்றில் இருப்பது 10 கிராம்தான். ஆக, காலை பதினொரு மணிக்குத் தொடங்கிய அமர்வை முடித்து மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது ஆறு கிளாஸுக்கு மேல் உள்ளே போயிருக்கும். அதற்கப்புறம் ஆலைக்குப் பஸ், ராத்திரி விருந்தோடு நாலைந்து வகை, அது முடிந்தபின் ஆளாளுக்குத் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டில்களைத் திறக்கும் கூட்டம்.

முதல் முறை போனபோது இந்தக் கணக்கை நான் போடவில்லை. முதல் நாள் மாலையே 11.3 சதவீத ரோஷ்ஃபோர் 10 என்ற மடாலய பீர் கையில் கிடைத்ததும் ஒரு முழு பாட்டிலைக் குடித்துவிட்டு அடுத்த கிளாஸ்களுக்குப் போனேன். அன்றைக்கு நோட்டில் எழுதியதில் பாதி ‘நல்லா இருக்கு’, மீதி படிக்கவே முடியவில்லை. அந்த ரோஷ்ஃபோரைப் பற்றிக்கூட ஒரு உருப்படியான வரி இல்லை என்பதுதான் ரொம்ப வருத்தம். பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: போவதற்கு முன் குடும்பங்களைத் தெரிந்துகொள்ளுங்கள், ரசனைக் குறிப்புகளைப் படிக்காதீர்கள்

பெல்ஜியத்தில் பீர் வகைகள் ஏராளம், பெயர்களை மனப்பாடம் செய்து மாளாது. ஆறு குடும்பம் தெரிந்தால் போதும். கோதுமை பீர், இது ஹூகார்டன் ஊரின் சொத்து. அங்கே வழக்கொழிந்து போனதை 1966-இல் பியர் செலிஸ் என்பவர் மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். செசோன், இது ஹெனோ மாகாணத்துப் பண்ணைகளில் வேலையாட்களுக்காகக் காய்ச்சியது, தூர்ப் கிராமத்து செசோன் டுப்பாங் 6.5 சதவீதம், இன்றைக்கும் அந்த வகைக்கு அதுதான் அளவுகோல். அப்புறம் டூவல் மாதிரி வெளிர்தங்க நிறத்தில் இருந்துகொண்டு 8.5 சதவீதம் காட்டுகிற பலமான பீர்கள். மடாலயத்து வகைகள்: பழுப்பு நிற டுப்பல், வெளிர்நிறத்தில் இன்னும் பலமான டிரிப்பல், அடர்கருப்பு. மேற்கு ஃபிளாண்டர்ஸின் சிவப்புப் புளிப்பு பீர், ரோஸலாரெ ஊரில் ரோடன்பாக் ஆலை 294 பெரிய ஓக் மரத் தொட்டிகளில் ஊறப்போடுகிறார்களே அது. கடைசியாக பிரஸ்ஸல்ஸையும் அதன் மேற்கே பயோட்டன்லாந்தையும் சேர்ந்த லாம்பிக், காற்றில் வரும் ஈஸ்ட்டால் தானாக நொதிக்கும் புளிப்பு பீர்.

மடாலய பீரில் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ‘டிராப்பிஸ்ட்’ என்று அறுகோண முத்திரை போட வேண்டுமானால் மடத்தின் எல்லைக்குள் துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும், வரும் பணம் மடத்தைப் பராமரிக்கவும் அறச்செலவுக்கும் போக வேண்டும். பெல்ஜியத்தில் இப்போது ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர், வெஸ்ட்மாலெ, வெஸ்ட்ஃப்ளெடெரன் என்று ஐந்து. அகெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதால் 2021-இல் அந்த முத்திரை போய்விட்டது. ‘அபே’ (மடம்) என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு, பெரும்பாலும் வணிக ஆலை மடத்தின் பெயரை வைத்துக் காய்ச்சுவது. இரண்டையும் குழப்பி எழுதினால் அந்தக் கூட்டத்தில் உங்களை யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் அடுத்த வரியை நம்பிப் படிக்கவும் மாட்டார்கள்.

இந்த நாட்டு பீருக்கு ஏன் இவ்வளவு பலம் என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லும் பதில் 1919-இல் வந்த வாண்டர்வெல்டெ சட்டம். கபேக்களில் காட்டமான சாராய வகைகளை விற்கக் கூடாது என்று தடை வந்ததும், அந்தக் காட்டம் தேடினவர்களுக்காக பீரின் பலம் ஏறியது. 1980-கள் வரை அந்தச் சட்டம் இருந்தது.

வரலாற்றையும் செய்முறையையும் எவ்வளவு வேண்டுமானாலும் படியுங்கள். ஆனால் ‘இந்த பீரில் பேரிக்காய் மணம், தேன் சுவை’ என்று மற்றவர்கள் எழுதின குறிப்புகளைப் போவதற்கு முன் தொடாதீர்கள். ஒரு தடவை பேரிக்காய் என்று படித்துவிட்டால் அப்புறம் கிளாஸில் பேரிக்காய்தான் வரும்.

இரண்டாம் படி: மூக்கைக் காப்பாற்றுங்கள்

சென்ட் வேண்டாம். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது கை சோப்பு. ஓட்டல் கழிவறையில் லாவெண்டர் சோப்பில் கை கழுவிவிட்டு வந்து கிளாஸைப் பிடித்தால், மூக்குக்குப் பக்கத்தில் கை வரும்போதெல்லாம் லாவெண்டர்தான் முதலில் வரும். வாசனையில்லாத சோப்புக்கட்டி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். பல் துலக்கி ஒரு மணி நேரமாவது கழித்துச் சுவையுங்கள். காலையில் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன ஊறுகாயையும் மிளகாய்ப்பொடியையும் கடைசி அமர்வு முடிந்த பிறகு திறக்கலாம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

வயிற்றில் சாப்பாடு இருக்க வேண்டும். ரொட்டி, முட்டை, சீஸ். ஒவ்வொரு பீருக்கும் குறைந்தது அதே அளவு தண்ணீர். பெல்ஜியக் கபேக்களில் தண்ணீர் தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும், பெரும்பாலும் காசும் கொடுக்க வேண்டும். ஒரு பாட்டில் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: ஊற்றுவதைப் பாருங்கள், முடிந்தால் நீங்களே ஊற்றுங்கள்

பெல்ஜிய பீர்களில் நிறைய வகை பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிப்பவை. அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஈரத்தோடு, சாய்த்துப் பிடித்து, பாட்டிலை நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றி, கடைசி ஒரு விரல்கடையை பாட்டிலிலேயே விட்டுவிட வேண்டும். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் வண்டல் கிளம்பி எல்லாம் கலங்கிவிடும். மீதி வைத்த வண்டலைத் தனியாகச் சின்னக் கிளாஸில் ஊற்றிச் சுவைத்துப் பாருங்கள், ரொட்டி மாவு புளித்த மாதிரி இருக்கும். கோதுமை பீர் மட்டும் விதிவிலக்கு, அதைக் கலங்கலாகக் குடிப்பதுதான் முறை.

நுரை குறைந்தால் கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம் கொள்ளலாம், பீரைக் குறை சொல்வதற்கு முன்னால் கிளாஸை மாற்றிப் பாருங்கள். டூவல் கிளாஸின் அடியில் ஒரு எழுத்து பொறித்திருப்பதைக் கவனியுங்கள். அந்தச் சொரசொரப்பில் இருந்துதான் குமிழி விடாமல் கிளம்பி நுரையைத் தாங்குகிறது.

குளிர் விஷயத்தில் கறாராக இருங்கள். கோதுமை பீர் 4 முதல் 6 டிகிரியில் நன்றாக இருக்கும். 9 சதவீதத்துக்கு மேற்பட்ட கருப்பு பீரை அந்தக் குளிரில் கொடுத்தால் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து உட்காருங்கள். 10 டிகிரி தாண்டியதும் கதவு திறந்த மாதிரி வாசனை வரும்.

நான்காம் படி: ஒரு கிளாஸுக்கு நான்கு நிமிடம்

முதலில் தூரத்தில் வைத்தே மோந்து பாருங்கள், கிளாஸை மார்புக்கு நேராகப் பிடித்து. என்ன வருகிறதோ அதை உடனே எழுதுங்கள், சரியா தப்பா என்று யோசிக்க வேண்டாம். பிறகு ஒரு சுழற்று, மூக்கை உள்ளே விட்டுச் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று மூச்சு. நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துப் போகும். மரத்துவிட்டால் உங்கள் சட்டைக் கையையே மோந்து பாருங்கள், திரும்பி வரும்.

அடுத்து ஒரு மடக்கு. அதை வாய் முழுக்கப் பரவ விட்டு விழுங்கிய பின் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியே மூச்சை வெளியே விடுங்கள். நிறையப் பேர் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள், எனக்கு பாதி விஷயம் இங்கேதான் கிடைக்கிறது. வைன்காரர்களைப் போல பீர்க்காரர்கள் பொதுவாகத் துப்புவதில்லை, விழுங்கினபின் வரும் கசப்பையும் பார்க்க வேண்டும் என்பார்கள். ஆனால் மீதியைக் கொட்டுவதற்கு மேசையில் ஒரு ஜாடி இருக்கும், அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். 100 மில்லியில் உங்களுக்குத் தேவை 30 மில்லிதான். காய்ச்சினவர் எதிரே நிற்கும்போது கொட்ட மனசு வராது, எனக்கும் வரவில்லை. பிறகு கேட்டுப் பார்த்தேன், அவர்களே ருசி பார்க்கும்போது கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்களாம்.

இந்தக் கூட்டத்தில் மிகப் பெரிய ஆபத்து ஆல்கஹால்கூட இல்லை, பக்கத்து நாற்காலி. முப்பது வருடமாக எழுதுகிறவர் உங்களுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ‘ம்ம், ஆப்ரிகாட்’ என்று முணுமுணுப்பார், உங்கள் பேனா தானாக ஆப்ரிகாட் என்று எழுதும். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் மூன்று வார்த்தையாவது எழுதி முடியுங்கள். அந்த மூன்றும் உங்கள் சொந்த மூக்கிலிருந்து, உங்கள் சமையலறையிலிருந்து வரட்டும்.

தமிழில் குறிப்பெடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். டிரிப்பல் வகைகளில் வாழைப்பழ மணம் வரும், ஈஸ்ட் உண்டாக்குகிற ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருள் அதற்குக் காரணம். ஆங்கிலக் குறிப்பில் அது வெறும் வாழைப்பழம். நமக்கு அது தோல் கருத்த ரஸ்தாளியா, இன்னும் பச்சை வாடை போகாத பூவனா என்று பிரித்துச் சொல்ல முடியும், அப்படிச் சொல்லும்போது பீர் எவ்வளவு முதிர்ந்தது என்பதும் அந்த வார்த்தைக்குள் வந்துவிடுகிறது. கோதுமை பீரில் போடுவது கொத்தமல்லி. தழை இல்லை, தனியா. லேசாக வறுத்து இடித்த தனியா மணத்தை நம்மைவிட யார் அறிவார்கள்? கூடப் போடும் குராசோ ஆரஞ்சுத் தோலில் எனக்கு நார்த்தங்காய்த் தோல்தான் வந்தது. கருப்பு பீர்களில் பீட்ரூட் இனக் கிழங்கிலிருந்து எடுத்த சர்க்கரையைக் கருக்கிய பாகு சேர்க்கும் வழக்கம் உண்டு, ரோஷ்ஃபோர் 10-ஐ இரண்டாம் தடவை ஒழுங்காகச் சுவைத்தபோது நான் எழுதியது: ‘கருப்பட்டிப் பாகு இறக்கி வைத்த சட்டி, ஆறின பிறகு. பேரீச்சை. கடைசியில் தொண்டையில் மிளகுச் சூடு.’ பக்கத்தில் இருந்த அம்மையார் கருப்பட்டி என்றால் என்ன என்று கேட்டார், விளக்கப் பத்து நிமிடம் ஆனது, அந்தப் பத்து நிமிடத்தில் அந்த பீரைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் புரிந்தது.

ஐந்தாம் படி: வரிசை

பலம் குறைந்ததிலிருந்து கூடியதற்கு, வெளிர் நிறத்திலிருந்து கருப்புக்கு என்பது பொது விதி. புளிப்பு பீர்களை எங்கே வைப்பது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை. என் அனுபவத்தில் கூஸ் (லாம்பிக்குகளைக் கலந்து செய்வது) போன்ற கடும் புளிப்பை முடிந்தால் தனி அமர்வாக்குங்கள், அல்லது கடைசியில் வையுங்கள். அதற்கப்புறம் எந்த டுப்பலும் சப்பென்று வெறும் சர்க்கரைத் தண்ணீராகத் தெரியும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஆலைக்காரர் மேசை மேசையாக மாறிவரும் அமர்வு ஒன்று இந்தச் சந்திப்புகளில் வழக்கமாக உண்டு. பத்துப் பேர், ஐம்பது நிமிடம். அவர் பேசிக்கொண்டே இருப்பார், நீங்கள் மோந்து பார்க்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும். எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி, அதுவும் எல்லாரிடமும் அதே கேள்வி. ‘எந்த ஈஸ்ட், எத்தனை டிகிரியில் நொதிக்க விடுகிறீர்கள்?’ என்று கேட்டேன். பத்து பதிலை வரிசையாக வைத்துப் பார்த்தபோது அது ஒரு கட்டுரையாகவே வந்து நின்றது.

ஆறாம் படி: ஓர்வாலை இரண்டு வெவ்வேறு வயதுகளில் சுவையுங்கள்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஓர்வால் மடத்திலிருந்து வெளியே விற்பனைக்குப் போவது ஒரே பீர்தான், 6.2 சதவீதம். நொதித்த பிறகு, பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ் என்ற பூவை உலர்ந்த நிலையில் போட்டு ஊறவைக்கிறார்கள், பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசீஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்கிறது. அந்த ஈஸ்ட் அவசரப்படாது. மாதக்கணக்கில் மிச்ச சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். அதனால் பாட்டில் அடைத்த தேதியைப் பொறுத்து வேறு வேறு பீர். லேபிளில் தேதி இருக்கும். சில கபேக்களில் ‘இளசு, முதிர்ந்தது’ என்று இரண்டும் தனித்தனியாக வைத்திருப்பார்கள், கேளுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினேன். மூன்று மாதத்து பாட்டிலில் ஆரஞ்சு நிறம், பச்சை ஹாப்ஸின் பூ மணம், நறுக்கென்ற கசப்பு. ஒன்றரை வருடத்து பாட்டிலில் நுரை இன்னும் உயரம், நிறம் அதேதான், ஆனால் மூக்கில் மழை விட்ட பின் தொழுவத்து வைக்கோல், பழைய தோல் செருப்பு, நாக்கில் இனிப்பு துளிகூட இல்லை, எலும்பு மாதிரி வறண்டு நின்றது. கசப்பு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றி மோந்தேன், குடித்தது மொத்தம் 100 மில்லிகூட இருக்காது. காலம் ஒரு பீருக்கு என்ன செய்கிறது என்பது எந்தச் சொற்பொழிவிலும் இவ்வளவு தெளிவாக எனக்குக் கிடைத்ததில்லை.

ஏழாம் படி: கான்டியோன் லாம்பிக் ஆலைக்கு நடந்தே போங்கள்

பிரஸ்ஸல்ஸ் மிடி ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. ஆண்டர்லெக்ட் பகுதியில் சாதாரணத் தெருவில் சாதாரணக் கதவு. 1900-இல் தொடங்கின குடும்ப ஆலை, 1978 முதல் அருங்காட்சியகமாகவும் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஈர மரமும் புளித்த பழமும் கலந்த வாடை. மாடியில் கூரைக்கடியில் செம்பினால் ஆன அகலமான, ஆழமில்லாத ஒரு பெரிய தாம்பாளம் இருக்கிறது. காய்ச்சின சாற்றை ராத்திரி முழுக்க அதில் திறந்து ஆற விடுகிறார்கள், காற்றில் வருகிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் இறங்கி நொதிப்பைத் தொடங்குகின்றன. அதனால்தான் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, குளிர் மாதங்களில் மட்டும் காய்ச்சுகிறார்கள். சிலந்தி வலைகளைத் துடைப்பதில்லை, பூச்சிகளை அவை பார்த்துக்கொள்ளும்.

யாரும் ஈஸ்ட் போடுவதில்லை என்று அங்கே சொன்னபோது உடனிருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குப் பனைமரம்தான் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறங்குவது பதநீர், தடவாத கலயத்தில் இறங்குவது கள், அங்கேயும் யாரும் எதையும் போடுவதில்லை. கள் சில மணி நேரத்தில் முடிகிற காரியம், லாம்பிக் பீப்பாயில் மூன்று வருடம் வரை கிடக்கும். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடத்து லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்து மறுபடி நொதிக்க விட்டால் அது கூஸ். புளிப்புச் செர்ரிகளை ஊறப்போட்டால் கிரீக்.

கலக்காத லாம்பிக் கொடுத்தால் முதலில் அதைச் சுவையுங்கள். குமிழி கிட்டத்தட்ட இருக்காது, அசையாத தண்ணீர் மாதிரி நிற்கும், ஏமாறாதீர்கள். அதன் பிறகு கூஸை வாயில் வைத்தால், அதே புளிப்பு குமிழியில் ஏறி எப்படி ஷாம்பெயின் மாதிரி துள்ளுகிறது என்பது புரியும். முதல் மடக்கில் முகம் சுளிக்கும். இரண்டாவதில் எலுமிச்சை, மூன்றாவதில் வைக்கோல், நான்காவதிலிருந்துதான் பீர் தொடங்குகிறது. எனவே கூஸைப் பற்றி நான்கு மடக்குக்கு முன் எதுவும் எழுதக் கூடாது என்பது என் விதி. பயோட்டன்லாந்துப் பக்கம் இதோடு புதுத் தயிர்ப்பாலாடைக்கட்டி தடவிய ரொட்டியும் முள்ளங்கியும் வைப்பார்கள், அந்த ஜோடிக்கு ஈடு கிடையாது.

எட்டாம் படி: கெட்டதைக் கெட்டது என்று சொல்ல, இரண்டாவது பாட்டில்

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் பீருக்குள் ஆக்சிஜன் போயிருக்கிறது. சோளம் வேகும் வாடை, பச்சை ஆப்பிள், தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய், இவை நொதிப்பிலோ காய்ச்சும்போதோ நேர்ந்த குறை. பச்சை பாட்டில் வெயிலில் நின்றிருந்தால் ரப்பர் கருகின நெடி. ஆனால் புளிப்போ தொழுவ வாடையோ ஒரு வகையில் குறை, இன்னொரு வகையில் அதுவே சிறப்பு. லாம்பிக்கில் நாம் தேடிப் போகிற அதே வாடை டிரிப்பலில் வந்தால் எங்கோ தொற்று.

ஒரு சந்திப்பில் சின்ன ஆலை ஒன்றின் பீரில் வெண்ணெய் வாடை தூக்கலாக இருந்தது, அன்றைக்கே கடுமையாக எழுதிவிட்டேன். மறுநாள் அதே பீரை வேறொரு கபேயில் வாங்கிப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. எழுதினதைத் திருத்தி, திருத்தியதையும் சொன்னேன். அதிலிருந்து இரண்டாவது பாட்டில் பார்க்காமல் குறை எழுதுவதில்லை. இன்னொன்றும் உண்டு: விருந்தும் பஸ்ஸும் பாட்டிலும் ஆலைக்காரர் செலவில் வந்திருந்தால் அதைக் கட்டுரையில் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: ராத்திரி எப்போது எழுந்து போவது

பாட்டில் பகிரும் கூட்டத்துக்குப் போங்கள், நட்பு அங்கேதான் உண்டாகிறது. ஆனால் நோட்டை மூடி வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் எழுதுவது எதுவும் உதவாது. நான் வைத்திருக்கும் அடையாளம் எளிது: தொடர்ந்து இரண்டு பீருக்கு வாசனையில் புதிதாக ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால் அன்றைய நாள் முடிந்தது, ஒரு பொட்டலம் ஃபிரிட் (உருளைக்கிழங்கு வறுவல்) வாங்கித் தின்றுவிட்டு நடந்து போய்ப் படுத்துவிடுவேன். கார் பேச்சே வேண்டாம். பெல்ஜியத்தில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் தாண்டினால் குற்றம், இரண்டு டிரிப்பல் குடித்தாலே அங்கே போய்விடும். ரயிலும் டிராமும் எங்கும் போகின்றன.

பத்தாம் படி: காலையில் எழுதுங்கள், பிறகு ஊரில் மறுபடி திறங்கள்

மறுநாள் காலை, தண்ணீர் குடித்துவிட்டு, நோட்டைத் திறக்காமல் நினைவிலிருந்து எழுதுங்கள். பத்து பீரில் மூன்றுதான் ஞாபகம் வரும். அந்த மூன்றைப் பற்றி எழுதுங்கள், பிறகு நோட்டைப் பார்த்து விவரம் சேருங்கள்.

திரும்பும்போது மனசில் நின்ற பீரில் ஒன்றை வாங்கி, துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு எடுத்து வாருங்கள், சுங்க அளவு பார்த்துக்கொண்டு. வந்ததும் நிமிர்த்தி வைத்து, வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள், குலுங்கின வண்டல் அடியில் படியட்டும். அப்புறம் ஒரு சாயங்காலம், கூட்டமும் பேச்சும் இல்லாமல், ஒரே கிளாஸ். பிரஸ்ஸல்ஸில் எழுதியதைப் பார்க்காமல் புதிதாக எழுதி, அதன் பிறகு இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். என் ரோஷ்ஃபோர் பக்கத்தில் கருப்பட்டி இரண்டிலும் இருந்தது. மிளகு பிரஸ்ஸல்ஸில் மட்டும்தான். ஊரில் அதற்குப் பதிலாக அத்திப்பழம் வந்திருந்தது, அதைத்தான் கட்டுரையில் வைத்தேன்.